கயிறு பிடிச்ச கை

1

மீனை அலசித் தட்டில் வைத்துவிட்டுக் கத்தியைத் தேடினால், காணோம்.

அன்றைக்கு என் ஆத்தாவின் முதல் வருஷத் திதி. காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வந்து, பெற்றவர்களுக்குத் திதி கொடுப்பது எங்கள் ராமேசுவரத்துக் கடலில். அந்தக் கடல் தண்ணீரை மூக்கிலும் வாயிலும் குடித்து வளர்ந்த நான், இங்கிலாந்தில், கடலே இல்லாத ஒரு ஊரில், அடுக்களைக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் முனியசாமி அங்கே கடலில் இறங்கித் திதி கொடுப்பான், முடித்துவிட்டு வீடியோவில் கூப்பிடுவான், நான் இங்கே ஆத்தா படத்துக்கு மீன்குழம்பு வைத்துப் படைக்க வேண்டும் என்று பேச்சு. திதி நாளும் அதுவுமாய் மீனா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆத்தாவுக்குச் சாம்பார் வைத்துப் படைத்தால் காக்கா கூட எட்டிப் பார்க்காது.

அந்தக் கத்தி ஊரில் கொல்லன் அடித்துக் கொடுத்தது. பெட்டியில் பழைய சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். எலும்பு எது, சதை எது என்று அதற்குத் தெரியும். இழுப்பறையில் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் இல்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர அதைத் தொடுகிற ஆள் கிடையாது. வீட்டுக்காரர் வேறு ஊரில் லாரி ஓட்டுகிறார், வாரக் கடைசியில்தான் வருவார். மிச்சம் இருப்பது ஒருத்தன். என் மகன் அகிலன், பதினேழு வயது. அவன் மீனைத் தின்பானே தவிரத் தொடமாட்டான்.

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முதுகில் காலேஜ் பை. ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் காலேஜுக்குப் போகிறான். அவன் தாடையை உடைத்த பையனும் அதே காலேஜ்தான்.



2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றவனை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். "உன் ஊருக்குப் போ" என்றார்களாம். இவன் பிறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியில். ஊருக்குப் போ என்றால் அங்கேதான் போக வேண்டும். அங்கேதான் போனான், ஆம்புலன்ஸில். முதலில் வயிற்றில் குத்தினார்கள். விழுந்த பிறகு ஒருத்தன் ஓடி வந்து, பந்தை உதைக்கிற மாதிரி முகத்தில் உதைத்தான். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஒரு பல் பஸ் நிறுத்தத்துக் கண்ணாடியில் போய் ஒட்டியிருந்ததாம். அதை ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார்.

அது போதாதென்று அதைப் படம் பிடித்திருந்தார்கள். என் பிள்ளை ரத்தம் கக்கியபடி "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று குழறுவதை ஒரு பாட்டுக்குத் தாளமாக வெட்டி ஒட்டி, நடுவில் கூட்டமாய்ச் சிரிக்கிற சத்தத்தையும் சேர்த்து, காலேஜ் முழுக்கச் சுற்றவிட்டார்கள். அகிலன் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். வீட்டில் யார் சிரித்தாலும் அவனுக்கு ஆகாமல் போயிற்று. தொலைக்காட்சியை அணைத்துவிட்டான். நான் அடுக்களையில் எதையாவது முணுமுணுத்துப் பாடினால் கதவைச் சாத்திக்கொள்வான். பாட்டையும் சிரிப்பையும் அந்தச் சண்டாளன்கள் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். தாடை கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். மற்றது பற்றி அவருக்குத் தெரியவில்லை.

போலீஸ் வாக்குமூலம் வாங்க வந்த அம்மாவிடம் ஆத்திரத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன், என் மகனை "பிட்" பண்ணிவிட்டார்கள் என்று. அந்த அம்மா பேனாவை நிறுத்தி, எந்த இடத்தில் கடித்தார்கள் என்று கேட்டாள். "பீட்" என்று இழுக்க வேண்டியதைக் குறுக்கிவிட்டேனாம். அடித்தது கடித்ததாகிவிட்டது. சரி, உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள் என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தாள். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். "சொல்லுங்கோ அம்மா, மகனுக்கு என்ன நடந்தது?" என்றார்.

"தாடையப் பேத்துட்டாய்ங்கய்யா!"

"என்ன செய்தவை? பேர்த்தவையோ? அது விளங்கேல்லை அம்மா."

இவர் தொழிலே பெயர்ப்பது, இவருக்கே விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் கூடவே வந்தது. அகிலன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணை நடக்கிறது என்று காகிதம் வந்தது. உதைத்த பையனை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், காலேஜில் அவன் ஒரு கட்டடம் இவன் ஒரு கட்டடம் என்று பிரித்திருக்கிறார்கள், சாப்பாட்டு இடம் மட்டும் ஒன்றுதான். இதுதான் அவர்கள் கண்ட ஏற்பாடு. இரண்டு தெருவுக்கும் ஒரே கரை என்பதில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று இவர்களுக்கு யார் சொல்வது?

3

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை. கரைவலை இழுக்கிற ஊர். ஒரு படகு வலையைக் கடலுக்குள் வளைத்துப் போட்டுவிட்டு வரும், வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இருபது முப்பது பேர் நின்று இழுப்பார்கள். எந்த இடத்தில் யார் முதலில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பேர் பாடு. அந்த முறை ஒரு நாள் தவறினால் அன்றைக்கு உலை ஏறாது. ஊரில் எல்லா ரத்தமும் அந்தப் பாடு முறைக்காகச் சிந்தியதுதான்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. பாடு யாருடையது என்று காலையில் வாய்ப்பேச்சாகத்தான் ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் நின்றவர் அடுத்த தெருக் கோட்டைச்சாமி, என் அய்யாவுக்குச் சித்தப்பா மகன், எனக்குச் சித்தப்பா முறை. முந்தின வாரம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கருவாடு சுட்டுத் தின்றவர்.

"ஏலே, எம்பாட்டுல கைய வச்சே, இங்கனயே பொதைச்சுருவேன்" என்றார் சித்தப்பா.

"நீ பொதைக்கிற ஆளா? மொதல்ல ஒங்க அய்யனப் பொதைச்ச எடத்துக்கு வேலி போடுலே" என்றார் என் அய்யா. அவருக்கு வாய் நீளம்.

சித்தப்பா படகிலிருந்து துடுப்பை உருவி ஒரே போடாய்ப் போட்டார். துடுப்பு இரண்டாக முறிந்தது. அய்யா முட்டி போட்டு விழுந்தார், மண்டையிலிருந்து ரத்தம் காதுவழி இறங்கிக் கழுத்தில் ஓடியது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மீன் குத்துகிற சுளுக்கி, நங்கூரக் கம்பி, கையில் கிடைத்த பாறாங்கல். ஒருத்தருக்கு விரல் போயிற்று, மணலில் கிடந்த அந்த விரலை நாய் கவ்விக்கொண்டு ஓட, அவர் மனைவி பின்னாலேயே ஓடினாள். எங்கள் அண்ணன் முனியசாமி சித்தப்பாவின் முன்பல் இரண்டை உடைத்தான். போலீஸ் வந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அய்யா, "படகுல வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றார். எல்லாருமே வழுக்கி விழுந்திருந்தார்கள். "உங்க ஊருக் கடற்கரையில என்ன, வெளக்கெண்ணெயா ஊத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம் ஏட்டு.

சிரிப்பெல்லாம் அங்கே வந்தவர்களுக்குத்தான். வீட்டில் அண்ணன் அருவாளைத் தீட்டினான். இருபது வயது அவனுக்கு. சோறு வைத்தால் தின்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. அம்மிக்கல்லில் தண்ணீர் தெளித்து, தெளித்து, தீட்டிக்கொண்டே இருந்தான். ஆத்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். வேண்டாமடா என்று காலில் விழுந்தாளா, அழுதாளா என்று கேட்டால், இல்லை. அவளுக்குத் தன் மகனைத் தெரியும். அழுதால் இன்னும் கூடுதலாகத் தீட்டுவான்.

4

ஊர் பட்டினி கிடந்தது. ஒரு தெருக்காரன் கயிற்றைத் தொட்டால் மற்றத் தெருக்காரன் தொடமாட்டான், பாதி ஆளை வைத்து வலை இழுக்க முடியாது. ஆத்தா வீடு வீடாகப் போனாள், சித்தப்பா வீட்டுக்கும் போனாள்.

"வலையப் போடுங்க. பேச வேண்டியதக் கயித்துல வச்சுப் பேசிக்குவோம்."

எங்கள் கரையில் ஒரு சட்டம் உண்டு. கயிறு இழுக்கிறபோது தாளத்துக்கு ஒருத்தர் பாட்டெடுப்பார், அதற்கு அம்பா என்று பேர். மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கி இழுப்பார்கள். அம்பா எடுக்கிறவர் யாரை வேண்டுமானாலும் திட்டலாம். வலைக்குச் சொந்தக்காரரின் கஞ்சத்தனம், பஞ்சாயத்துத் தலைவரின் தொந்தி, பக்கத்தில் நிற்பவனின் சின்ன வீடு, எதுவும் பாட்டில் வரும். திட்டு வாங்கியவன் கோபிக்கக் கூடாது, ஏலேலோவும் சொல்ல வேண்டும். கயிறு பிடிச்ச கை நீளக் கூடாது என்பார்கள். ரோஷப்பட்டுக் கயிற்றை விட்டால் வலை மடங்கி மீன் அத்தனையும் போய்விடும், அத்தனை பேர் வயிற்றெரிச்சலும் அவன் தலையில். அப்படிக் கயிற்றை விட்டவன் எங்கள் ஊரில் இதுவரை இல்லை.

வலை போட்டார்கள். சித்தப்பா வந்து கயிறு பிடித்தார், உடைந்த பல்லோடு. அண்ணனும் வந்தான். சட்டை போட்டிருந்தான். கயிறு இழுக்க எவன் சட்டை போட்டு வருவான்? ஆத்தாவுக்கு அது போதும், எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏலே முனியசாமி, அங்கன நிக்காதே. சித்தப்பாவுக்குப் பின்னாடி நில்லு" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. இழுக்கிறவர்கள் கடலைப் பார்த்து நின்று பின்வாங்கி நடப்பார்கள். சித்தப்பாவின் முதுகு அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெற்றவளே காட்டிக் கொடுக்கிறாளா? அண்ணனும் ஒரு நிமிஷம் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பிடித்தான். பிடிக்காமல் நின்றால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்களே.

அவன் இரண்டு கையும் கயிற்றில் விழுந்ததோ இல்லையோ, ஆத்தா அம்பா எடுத்தாள். அதுவரை எங்கள் கரையில் பெண்கள் கயிறு இழுப்பார்களே தவிர அம்பா எடுத்ததில்லை.

கோட்டச்சாமி கொழுந்தனாரே — ஏலேலோ
கொம்பு சீவி வந்தவரே — ஏலேலோ
துடுப்பெடுத்துப் பொளந்தீகளே — ஏலேலோ
எம்புருசன் மண்டையத்தான் — ஏலேலோ
உள்ள என்ன தேடுனீக — ஏலேலோ
ஊரக் கூட்டித் தேடுனீக — ஏலேலோ
உள்ள ஒண்ணும் இல்லையின்னு — ஏலேலோ
என்னக் கேட்டாச் சொல்வேன்ல — ஏலேலோ

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. படகு நிழலில் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்த என் அய்யாதான் முதலில் சிரித்தார். சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்து கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது. "அடியே, கொல்லாதடி, தலை வலிக்கி!" என்று தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் கரையே சிரித்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க நின்றார். ஆனால் ஏலேலோ சொன்னார், கயிற்றையும் விடவில்லை. மதினி கொழுந்தனைக் கேலி பண்ணுவது முறைதானே, என்ன சொல்ல முடியும் அவரால்?

அண்ணன் மட்டும் ஏலேலோ சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தான். அருவாள் அவன் முதுகில், சட்டைக்கு உள்ளே. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் பின்னால் சாய, தீட்டிய இரும்பு அவனையே அறுத்தது. வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கோடு இறங்குவதை நான் பார்த்தேன். ஆத்தாவும் பார்த்தாள். நிறுத்துவாள் என்று நினைத்தேன். குரலைக் கூட்டினாள்.

வீராதி வீரரெல்லாம் — ஏலேலோ
வீட்டு ஒல பொங்கலையே — ஏலேலோ
எம்மகனும் வீரந்தான் — ஏலேலோ
இரும்பச் சொருகி வந்திருக்கான் — ஏலேலோ
யாரு ரத்தம் ஒழுகுதுன்னு — ஏலேலோ
தொட்டுப் பாக்கச் சொல்லுங்கடி — ஏலேலோ

கரையில் சிரிப்பு நின்றுபோனது. தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சித்தப்பாவுக்கும் பாட்டின் அந்த அடியில்தான் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. கயிற்றை விட்டு ஓடவும் இல்லை. காலை மணலில் ஊன்றிக்கொண்டு, "ஏலேலோ" என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரல் அடைத்துக்கொண்டு வந்தது. அது என் அண்ணன் குரல். அழுதுகொண்டே சொன்னான்.

வலை கரை சேர்ந்தபோது கொஞ்சம் காரலும் கொஞ்சம் சூடையுமாகப் பொடிமீன்தான் இருந்தது. சித்தப்பா தன் தலைத்துண்டை அவிழ்த்து அண்ணன் முதுகில் அழுத்திப் பிடித்தார்.  சமாதானமாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போனதில்லை. ஆத்தா அவரை மன்னிக்கவும் இல்லை, சாகும்வரை அவரை வைத்துப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் யாரும் சாகவில்லை. அருவாளைப் பிடுங்கிக்கொண்டு போய் மறுநாள் அதில் தேங்காய் உடைத்தாள்.

5

இனி என் வீட்டு வாசலுக்கு வாருங்கள்.

"கத்தி எங்கடா?" என்றேன்.

அகிலன் நிமிர்ந்தான். கதவைத் திறந்துவிட்டான். பல்லுக்குப் பல் கம்பி கட்டியிருந்ததை முந்தின வாரம்தான் எடுத்திருந்தார்கள், ரப்பர் வளையம் மட்டும் மிச்சம். அவன் பேசுவது பல்லிடுக்கில்தான் வரும்.

"விடும்மா. பஸ் போயிடும்."

ஒன்று சொல்கிறேன், பொய் சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பையனைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துவிடும்போது, அவன் கழுத்தை நினைத்துக்கொண்டு நின்ற நாள் உண்டு. அதனால் என் மகனுக்கு நல்ல புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பாய்ந்து போய்ப் பையின் வாரைப் பிடித்தேன், அவ்வளவுதான்.

அவன் இழுத்தான். வாசற்படியில் நான் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். என்னைவிட ஒரு முழம் உயரம், ஆறு வாரம் மீன் ரசத்தை உறிஞ்சிக் குடித்தே இவ்வளவு பலம். வார் என் உள்ளங்கையைக் கிழித்தது. எதிர்வீட்டு அம்மாள் நாயோடு நின்று வேடிக்கை பார்த்தாள். வார் நழுவப் போகிறது என்று தெரிந்ததும் வாயில் அதுவாக வந்துவிட்டது.

வாயாடி எம்மகன — ஏலேலோ

"அம்மா, ஸ்டாப்! இது கயிறு இல்ல."

"ரெண்டு பேரு புடிச்சா எல்லாம் கயிறுதான். ஏலேலோ சொல்லுடா!"

அவனுக்குச் சட்டம் தெரியும். சின்ன வயதில், துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கும்போது இதே அம்பாதான். நான் அவன் மூக்கைத் திட்டுவேன், அவன் என் சமையலைத் திட்டுவான். அந்தக் கதையும் அருவாளும் அவனுக்குத் தெரியாது. விளையாட்டு மட்டும் தெரியும்.

வாயாடி எம்மகன — ஏலேலோ
வாயடைக்க முடியலையே — ஏலேலோ
பெத்தவ நான் தோத்ததத்தான் — ஏலேலோ
ஒத்த ஒதையில் முடிச்சானே — ஏலேலோ
அந்தப் பய காலுக்குத்தான் — ஏலேலோ
தங்கத் தண்ட போடணுமே — ஏலேலோ

அதுவரை ஏலேலோவையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கத் தண்டையில் அவன் முகம் கோணியது. அடிக்கப்போகிறானோ என்று நினைத்தேன். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. சிரித்ததும் வலி தாங்காமல் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டான், மறு கை வாரை விடவில்லை.

"வலிக்கும்மா! டோன்ட்!"

நான் விடுவேனா?

கத்தி கொண்டு போறவனே — ஏலேலோ
மீன எதுல வெட்டட்டும் நான் — ஏலேலோ
ஆத்தா பசியா வந்திருக்கா — ஏலேலோ
அவளுக்கென்ன சொல்லட்டும் நான் —

குரல் உடைந்துவிட்டது, ஏலேலோ எனக்கு வரவில்லை. பல்லிடுக்கில், காற்றும் எச்சிலுமாய், அவன்தான் சொன்னான். "ஏவேவோ."

பிறகு அவனே எடுத்தான். தப்பும் தவறுமான தமிழில், கண்ணீர் தாடைக்கு இறங்க இறங்க:

அம்மா பாட்டு ரொம்ப மோசம் — ஏவேவோ
நாய்கூட அழுவுது பாரு — ஏவேவோ

எதிர்வீட்டு நாய் உண்மையிலேயே ஊளையிட்டுக்கொண்டிருந்தது. "எல்லாம் சரிதானே?" என்று அந்த அம்மாள் கூப்பிட்டுக் கேட்டாள். பாட்டுப் பயிற்சி என்றேன்.

வாசற்படியிலேயே உட்கார்ந்தோம். பையைத் திறந்து, என் அடுக்களைத் துண்டில் சுற்றியிருந்த கத்தியைப் பிடிப்பக்கம் என் பக்கமாக வைத்து நீட்டினான்.

"அவன் சிரிச்சாம்மா. நான் ப்ளீஸ் சொன்னப்ப சிரிச்சான்."

"தெரியும்டா."

"நீயும் இப்ப சிரிச்ச."

"நான் ஒன்னைய வீட்டுக்குள்ள இழுக்கச் சிரிச்சேன்" என்றேன். அவன் என் தோளில் சாய்ந்து குலுங்கினான், சிரிக்கிறானா அழுகிறானா என்று நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் காலேஜுக்குப் போகவில்லை. மீனை நான் வெட்டினேன்.

குழம்பு கொதிக்கும்போது அண்ணன் வீடியோவில் வந்தான். அங்கே உச்சி வெயில். வடநாட்டுக் கூட்டத்துக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் வெற்றுடம்போடு நின்றான். "ஆத்தாவுக்குக் குடுத்தாச்சு, நம்புச்செல்வி" என்று சொல்லிவிட்டு, போனை யாரிடமோ பிடிக்கச் சொல்லி, திரும்பி ஒரு முழுக்குப் போட்டான். தோளிலிருந்து இடுப்புவரை அந்தத் தழும்பு வெயிலில் பளபளத்தது.

அகிலன் போனை என் கையிலிருந்து வாங்கினான்.

"மாமா, முதுகுல என்ன அது?"

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினான். நான் குழம்பைக் கிளறினேன்.

"இதுவா? ஒங்க அம்மாச்சி பாடுன பாட்டு, மருமகனே."

"இப்பவும் வலிக்குதா?"

"சிரிச்சா மட்டும்" என்றான் அண்ணன்.

அகிலன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.